கப்பலக்காவும் கடல் இல்லாத ஊரும்

காரைக்குடியில் இருந்துகொண்டு கடலுக்குப் பயந்த ஒரே மனுஷி கப்பலக்காதான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் ஊருணியில் கிடக்கும், இல்லாவிட்டால் லாரியில் வரும். கடலைப் பார்க்க ஆசை வந்தால் பஸ் ஏறித் தொண்டிக்குப் போக வேண்டும். இப்படிப்பட்ட ஊரில், சாயங்காலக் காற்றில் கொடியில் காயும் சேலை கொஞ்சம் படபடத்தால் போதும், "மீனா, கடல் சரியில்ல போலருக்கேடி" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் தங்கியிருந்தேன். விடுதி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட்ட ஓர் ஆச்சி, தன் வீட்டின் பின்கட்டை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். என் அறையில் காலியாகக் கிடந்த கட்டிலுக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தவள்தான் கப்பலக்கா. நாற்பதை ஒட்டிய வயது. ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை.

"எந்த ஊருக்கா?" என்று கேட்டேன்.

"லாஸ்ட்" என்றாள்.

"லாஸ்ட்டா?"

"ஆமாடி. ஊரு பேரே அதான்."

பள்ளிக்கூடத்து இந்தியா மேப்பில் கீழே வலது ஓரமாக எறும்பு ஊர்ந்த மாதிரி சில புள்ளிகள் இருக்குமே, அந்தமான் நிக்கோபார், அதில் கடைசிப் புள்ளிதான் அவளுடைய தீவு. போர்ட் பிளேரில் இருந்து இரண்டு நாள் கப்பல். தீவில் இருப்பதே ஒரு ரோடு. அந்த ரோட்டில் ஓடும் ஒரே பஸ் கடைசியாக வந்து திரும்புகிற இடம் அவளுடைய கிராமம். அரசாங்கக் காகிதத்தில் அதற்கு ஏதோ ஒரு தலைவர் பெயரில் நகர் என்று இருக்கிறதாம். ஊர்க்காரர்களுக்கு அது லாஸ்ட் ஸ்டாப், சுருக்கமாக லாஸ்ட். அவளுடைய அய்யாவுக்குச் சொந்த ஊர் நம் கல்லல் பக்கம். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றதும் அரசாங்கம் அங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றியது. இடது பக்கத்து வீட்டில் பஞ்சாபி, வலது பக்கத்தில் தெலுங்கு, எதிர்த்தாற்போல் மராட்டி. எல்லோரும் சண்டை போடுவது மட்டும் இந்தியில்.

"கடை இருக்காக்கா?"

"ஒண்ணு இருக்கு. கப்பல் வந்தா கடை. வராட்டி வெறும் பலகை. ஒருதரம் மழைக்காலத்துல ரொம்ப நாளா கப்பல் வரலை. எங்க தெருவுல ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல சீரா என்ன குடுத்தாக தெரியுமா? ஒரு கூடை வெங்காயம். பொண்ணோட அம்மாவுக்கு சந்தோசத்துல கண்ணுல தண்ணி வந்திருச்சு, உரிக்காமலே."

தீவுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. சில நாள் போனில் அந்த நாட்டு நேரம் காட்டுமாம். ராத்திரியில் தொடுவானத்தில் உலகத்துச் சரக்குக் கப்பல்கள் எல்லாம் விளக்குப் போட்ட தெரு மாதிரி வரிசையாகப் போகும் என்பாள். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்துவாள்: "அம்புட்டுக் கப்பல் போகும்டி. ஒண்ணுகூட எங்களுக்கு நிக்காது."

அவள் காரைக்குடிக்கு வந்த கதையும் கப்பல் கதைதான், விடுதி அவளுக்கு வைத்த பெயரும் அதனால்தான். கல்லலில் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தாள். திரும்பிப் போக டிக்கெட் கிடைக்கவில்லை. கிடைக்கிறவரை சும்மா இருப்பானேன் என்று ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். டிக்கெட் கிடைத்தபோது கப்பல் ரத்து. கப்பல் கிளம்பியபோது தீபாவளி வியாபாரம், கடையில் லீவு இல்லை. இப்படியே நாலு வருஷம் ஆகிவிட்டது. கல்யாணம்? அதுவும் அப்படித்தான். பெண் பார்க்க வர இருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒவ்வொரு தடவையும் கப்பல் நின்றுபோனது. மூன்றாவது தடவை, "கடலுக்கே இஷ்டமில்லை" என்று சொல்லி வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்களாம். இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான்தான் சிரிக்கத் தெரியாமல் முழித்தேன்.

எந்த வாகனமும் சொன்ன நேரத்துக்கு வரும் என்பதில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும், பக்கத்து அறை நர்ஸ் பர்வீனும் திருப்பத்தூர் வரை கிளம்பினோம். பர்வீன் திருப்பத்தூரில் அவள் மாமி வீட்டில் இறங்கிக்கொள்வாள், நாங்கள் திருக்கோஷ்டியூர் பெருமாளைப் பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு. பத்து மணிக்குப் புறப்படலாம் என்று பேச்சு. எழுந்து பார்த்தால் கப்பலக்கா கட்டிலில் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், பால் வண்டி வரும்போதே வந்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் புளிச்சோறு, எலுமிச்சம்பழம், மாற்றுச் சேலை, தலைவலித் தைலம், மெழுகுவத்தி.

"அக்கா, திருப்பத்தூருக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்சு இருக்கு" என்றாள் பர்வீன்.

"இன்னைக்கு இருக்கு. நாளைக்கு?"

"நம்ம இன்னைக்குத்தானே போறோம்?"

"திரும்பி வரணும்ல?"

திருக்கோஷ்டியூரில் எல்லோரும் போலக் கோபுரத்தில் ஏறினோம். மேலே நின்றுகொண்டு எல்லோரும் வயலைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். இவள் மட்டும் ஒரு மூலையில் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்குட்டுக்கா பாக்குறீக?"

"கெழக்க. இங்கேருந்து நேரா போனா எங்க ஊரு. நடுவுல ஒண்ணும் மறைக்காது, கடல்தான்" என்றாள். அவள் கண்ணில் பனைமரம்கூடத் தெரிந்திருக்காது.

விடுதி முழுவதையும் அவள் ஆட்டி வைத்தது அந்த டம்ளர் விவகாரத்தில்தான். படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, அதன் மேல் இன்னொன்றை நிமிர்த்தி வைப்பாள். பூமி லேசாக ஆடினால் மேல் டம்ளர் விழும், சத்தத்தில் எழுந்து ஓடலாம். செருப்பு எப்போதும் வாசலைப் பார்த்து இருக்கும். என் செருப்பையும் திருப்பி வைத்துவிடுவாள்.

ஒரு நாள் சாயங்காலம் எங்கள் தெருவில் கல்யாண ஊர்வலம். வீட்டு வாசலிலேயே சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். டம்ளர் விழுந்தது. "ஏந்திரிங்க! மேட்டுக்கு ஓடுங்க!" என்று கப்பலக்கா கத்திய கத்தலில், குளித்துக்கொண்டிருந்தவள் ஈரப்பாவாடையோடு வந்தாள், பரீட்சைக்குப் படித்தவள் புத்தகத்தோடு வந்தாள், சமையல்கார அம்மாள் கையில் தோசைக்கரண்டியோடு வந்தாள். நாங்கள் எல்லோரும் தெருவுக்குள் பாய்ந்தபோது நேர் எதிரே மாப்பிள்ளை கார். மாப்பிள்ளை இறங்கி எங்களுக்குக் கும்பிடு போட்டார். பெண் வீட்டார் என்று நினைத்துவிட்டார்.

ஆச்சிக்குத் தலைகால் தெரியாத கோபம். "ஏத்தா, என்னங்கிறேன், இது வீடா, இல்ல சர்க்கஸா? நாளைக்கே பெட்டியக் கட்டு. அப்புடி என்ன பயம் ஒனக்கு?"

கப்பலக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள். சுனாமிப் பேரலை வந்த அந்தக் காலையில் முதலில் பூமிதான் ஆடியதாம். எல்லோரும் வெளியே வந்து, ஆட்டம் நின்றதும் சிரித்துப் பேசிக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். அவளுடைய அம்மா, விழுந்த தேங்காயைப் பொறுக்கி வருகிறேன் என்று கடற்கரைத் தோப்புப் பக்கம் போனார். அலை வந்தபோது இவளும் அய்யாவும் அண்ணனும் மலைமேல் ஏறிவிட்டார்கள். அம்மா திரும்பவில்லை. பழைய கிராமமும் இல்லை. இப்போது இருப்பது மேட்டில் கட்டிக் கொடுத்த புது லாஸ்ட்.

"ஆடுன ஒடனே ஓடியிருந்தா அம்மாவும் இருந்திருப்பாக ஆச்சி" என்றாள்.

ஆச்சி உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் ஒரு பெரிய பித்தளைச் சொம்போடு எங்கள் அறை வாசலில் நின்றார். "இந்தா. எவர்சில்வரு லேசு, வெடிக்கெல்லாம் விழுகுது. இது கனம். நெசமா பூமி ஆடுனாத்தான் விழுகும். இதை வையி" என்று கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பி நடந்தார். பெட்டி கட்டும் பேச்சு அதோடு போயிற்று.

கொஞ்ச நாளில் ஆச்சியின் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. கண்டனூரில், வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்து விசேஷத்துக்கு மட்டும் திறக்கிற பெரிய வீடு. எங்களையும் அழைத்திருந்தார்கள். எல்லோரும் தூணையும் தரையையும் பார்த்து வாயைப் பிளந்தோம். கப்பலக்கா படிகளை ஏறிப் பார்த்து, மாடியை அண்ணாந்து பார்த்து, "நல்ல உசரம். அலை வந்தா ஊரே இங்கன ஏறி நின்னுக்கலாம்" என்றாள்.

பர்வீன் களுக்கென்று சிரித்துவிட்டாள். ஆச்சி சிரிக்கவில்லை. "எங்க முன்னோருகளும் அந்தக் காலத்துல காவிரிப்பூம்பட்டினத்துல கடலுக்குத் தப்பிச்சு வந்தவுகதான்த்தா. அந்தப் பயத்துலதான் வீட்டை இம்புட்டு மேடு கட்டிக் கட்டுனாகன்னு எங்க அப்பச்சி சொல்லுவாக" என்றார். அன்றைக்குப் பந்தியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பலகாரம் முடிகிறவரை கடலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் சிரித்த கதை. சிரிக்க முடியாத நாட்களும் வந்தன.

கப்பலக்காவின் அண்ணன் முருகேசனுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. அந்த வருஷம் மதினி உண்டானாள். லாஸ்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிதான். சிக்கல் என்றால் போர்ட் பிளேர் போக வேண்டும். நாள் நெருங்குவதற்கு முன்னாலேயே கப்பலேறிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கப்பலக்கா தினமும் போன் போட்டுக் கேட்பாள். "மதினி, கப்பல் எப்ப?"

கப்பல் வரவில்லை. கடல் கொந்தளிப்பு. அடுத்த கப்பலும் தள்ளிப்போனது. ஹெலிகாப்டரில் இடம் கேட்டார்கள். மரத்தில் இருந்து விழுந்து உயிருக்குப் போராடிய ஒருவரை ஏற்றிக்கொண்டு அது பறந்துவிட்டது. குறை சொல்ல முடியுமா? பிறகு மழையில் அதுவும் பறக்கவில்லை. மதினிக்குக் கால் வீங்கியிருக்கிறது, தலைவலி இருக்கிறது என்று முருகேசன் சொன்னதைக் கேட்டுப் பர்வீன் முகம் மாறியது. "பிரஷர் ஏறியிருக்கும். சீக்கிரம் கூட்டிட்டுப் போகணும்க்கா" என்றாள். அதற்கடுத்த நாள் தீவில் டவர் போயிற்று. போன் போட்டால், தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதுவரை சேலை ஆடினாலே பதறிய கப்பலக்கா, இப்போது ஒன்றுமே பேசவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. வேலைக்குப் போனாள், வந்தாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனாள். ராத்திரி டம்ளரையும் வைக்கவில்லை, சொம்பையும் வைக்கவில்லை.

அவள் விட்ட பயத்தை விடுதி எடுத்துக்கொண்டது. சமையல்கார அம்மாள் பருப்பைத் தாளித்துக்கொண்டே, "இன்னைக்கு அலை எத்தனை அடிங்கிறாக?" என்று கேட்டார். நான் வகுப்பில் முக்கோணத்தை வரைந்துவிட்டு, பிள்ளைகள் கணக்குப் போடுகிற நேரத்தில் மேசைக்கடியில் போனில் கப்பல் செய்தி பார்த்தேன். பர்வீன் ஆஸ்பத்திரியில் தெரிந்த டாக்டரைப் பிடித்து, அவர் தெரிந்த யாரையோ பிடித்து, போர்ட் பிளேர் வரை பேசிப் பார்த்தாள். "கடல் இறங்கட்டும்" என்பதுதான் எல்லோரிடமும் கிடைத்த பதில். கொப்புடையம்மன் கோயிலுக்குப் போன ஆச்சி, வீட்டுக்கு வந்ததும் என்னிடம் தனியாகக் கேட்டார்: "ஏத்தா மீனா, அந்தப் பிள்ளைத்தாச்சி பேரு என்ன? பேரு சொல்லாம அர்ச்சனை பண்ணிட்டேன். அம்மனுக்குத் தெரியுமுல்ல?"

கப்பலக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சென்னைக்கு ரயில், அங்கிருந்து போர்ட் பிளேருக்கு விமானம், அதற்குமேல் கடல் விட்ட வழி என்று முடிவு செய்தாள். பர்வீன் போனிலேயே டிக்கெட் போட்டாள். தகரப் பெட்டியில் துணியைவிட வெங்காயம் அதிகம் ஏறியது. நாங்கள் எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனோம், ஆச்சி உட்பட. ஆச்சி ரயில் நிலையத்துக்கு வந்ததே பல வருஷத்துக்குப் பிறகாம்.

பெட்டியை ஏற்றி, ஆளையும் ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்தோம். விசில் ஊதியது. வண்டி அசைய ஆரம்பித்தபோது அவள் கையில் இருந்த போன் அடித்தது. "அண்ணன்!" என்று ஒரு அலறல். அடுத்த நொடி அவள் ஜன்னலில் இல்லை. வாசலில் நின்றாள். "வண்டி போனா சிக்னல் போயிருமே!" என்று கத்திக்கொண்டே பிளாட்பாரத்தில் குதித்தாள். நேராக ஆச்சியின் மேல் விழுந்தாள். இரண்டு பேரும் தரையில். போன் மட்டும் காதில். எங்கள் கண் முன்னால் தகரப் பெட்டி சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சொல்லுண்ணே... கேக்கலை... சத்தமா... எங்க? கப்பல்லயா?"

நாங்கள் அவளைச் சுற்றி நெருங்கி நின்றோம். டீ விற்பவர்கூட கேனைக் கீழே வைத்துவிட்டார்.

"ரெண்டு பேருமா? நெசமாவா? மதினிகிட்டக் குடு... அழுகுறது யாருண்ணே, நீயா, பிள்ளையா?"

கடல் கொஞ்சம் இறங்கியதும் கப்பல் வந்திருக்கிறது. மதினியைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி ஏற்றியிருக்கிறார்கள். பாதி வழியில், கப்பல் ஆடிய ஆட்டத்தில், கப்பலின் டாக்டரும் கூடவே வந்த பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளும் சேர்ந்து பிரசவம் பார்த்திருக்கிறார்கள். பெண் குழந்தை. இரண்டு உயிரும் பத்திரம். போர்ட் பிளேர் நெருங்கி சிக்னல் கிடைத்ததும் முருகேசன் அடித்த முதல் போன் இது.

கப்பலக்கா பிளாட்பாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். ஆச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல், "அழுகாதத்தா, அழுகாத... யாராச்சும் என்னையத் தூக்கி விடுங்களேன்" என்றார். இரண்டு நாள் கழித்துச் சென்னையில் இருந்து ரயில்வேக்காரர் ஒருவர் பேசினார். "ஏம்மா, பொட்டியில உங்க நம்பர் இருந்துச்சு. தொறந்தா வெங்காயமும் கொழந்தை ஜட்டியுமா இருக்கு. வியாபாரமா, விசேஷமா?"

கொஞ்ச நாளில், சாவகாசமாக, அவள் ஊருக்குப் போனாள். பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொன்னாள். வரவில்லை. இந்தத் தடவை அங்கிருந்து டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள். நாங்கள் யாரும் நம்பவில்லை.

அடுத்த மே மாத விடுமுறையில் நான் லாஸ்டுக்குப் போனேன். கப்பலில் என் குடலே வெளியே வந்துவிட்டது, அதை விவரிக்க வேண்டாம். துறையில் இறங்கினால் ஒரு கூட்டமே நிற்கிறது. கப்பல் வந்தால் தீவு முழுக்கத் துறைக்கு வந்துவிடும் என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் பாதி என்னைப் பார்க்க வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. தலைப்பாகை கட்டிய ஒரு தாத்தா இந்தித் தமிழில் கேட்டார்: "ஆச்சி இடுப்பு சரி ஆச்சா?" ஒரு தெலுங்கு அம்மாள், பர்வீனுக்கு மாப்பிள்ளை அமைந்ததா என்று விசாரித்தார். மராட்டிக்காரர், எங்கள் தெருவில் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை மூடினார்களா, யாராவது விழுந்துவிடப் போகிறார்கள் என்று கவலைப்பட்டார். எனக்குத் தலை சுற்றியது கப்பலாலா இதனாலா தெரியவில்லை.

கப்பலக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "கப்பல்ல பொறந்ததால சாகரின்னு வைக்கச் சொன்னாக. முடியாதுன்னுட்டேன். கடலுக்கு இது பேரு தெரியவே கூடாது. வள்ளின்னு மலைப்பிள்ளை பேரு வச்சிருக்கோம்" என்றாள்.

வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் கடல். நீலமாக, அகலமாக, ஒரு தப்பும் செய்யாத மாதிரி கிடந்தது. அன்று நல்ல காற்று. தென்னை மட்டை எல்லாம் ஆடியது. நான் பயந்துபோய் அவளைப் பார்த்தேன். அவள் மீன் கழுவிக்கொண்டு இருந்தாள்.

"கடல் சரியில்லையோக்கா?"

"இதெல்லாம் ஒரு காத்தா? அங்க காரைக்குடியில கல்லூரிச் சாலையில பஸ்காரனுக ஓட்டுற ஓட்டம் இருக்கே, அதை நெனச்சாத்தான்டி எனக்குப் பக்குங்குது. நீ ரோட்டை எப்புடிக் கடக்குற? கையக் காட்டுறியா, இல்லையா?"

திரும்பும் நாளில் அவள் அழவில்லை. என் கைப்பையைத் திறந்து பார்த்து, எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டாள். கப்பல் துறையை விட்டு நகர்ந்த பிறகும் கையால் வாயைக் குவித்து ஏதோ கத்திக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

கடல், விமானம், ரயில் என்று ஒரு வாரம் ஆனது வந்து சேர. விடுதியில் பையைக் கீழே வைத்தவுடன் போன் போட்டேன். தீவில் டவர் இருந்தது அதிசயம். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கரை சேந்துட்டியா?"

"சேந்துட்டேன்க்கா. ரூம்ல இருக்கேன்."

அந்தப் பக்கம் ஒரு நீளமான பெருமூச்சு. "அப்ப சரி. நீ கெளம்புன நாள்லேருந்து எனக்குத் தூக்கமில்லை. வச்சுரவா? நான் போயிக் கொஞ்சம் கண்ண மூடுறேன்."

போனை வைத்துவிட்டாள். பகல் பதினோரு மணி. நான் கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி, சத்தம் போடாமல் பையைப் பிரித்தேன்.